போகாச்சாருக்கு நாற்பது

(சனிக்கிழமை, ஏப்ரல் 5, 2025. பெல்ஜியத்தில் ஔடனார்டே பக்கம் ஒரு சின்ன பீர்க்கடை. சித்திதான் கடைக்காரர். விடிந்தால் பிளாண்டர்ஸ் சுற்று சைக்கிள் பந்தயம்.)

சித்தி: நாளைக்கு யார் ஜெயிப்பார்? ஆளுக்கு 5 யூரோ, ஒரே ஒரு பெயர். இதுவரை 30 பேர் கட்டியாகிவிட்டது. நீ யார் பெயரில்?

அக்கா மகன்: போகாச்சாருக்கு நாற்பது.

சித்தி: நாற்பதா! (எழுதுகிறார்) சரி.

அக்கா மகன்: வான் டெர் பூலுக்கு முப்பத்தைந்து.

சித்தி: அடேயப்பா. சம்பளம் ஏறியிருக்கிறது போல. அக்கா சொல்லவே இல்லையே.

அக்கா மகன்: வான் ஆர்ட்டுக்குப் பத்து.

சித்தி: ஸ்லோவேனியாக்காரருக்கு நாற்பது, நம் ஊர்ப் பிள்ளைக்குப் பத்தா? இருக்கட்டும், உன் பணம்.

அக்கா மகன்: பெடர்சனுக்கும் பத்து. போன ஞாயிற்றுக்கிழமை கெந்த்-வெவெல்கெம் பந்தயத்தில் தனியாகப் போய் ஜெயித்தாரே.

சித்தி: ஆகத் தொண்ணூற்றைந்து.

அக்கா மகன்: மீதி ஐந்து, யாருமே எதிர்பார்க்காத ஆளுக்கு.

சித்தி: அவர் எந்த அணி?

அக்கா மகன்: அவர்தான் யாரும் எதிர்பார்க்காதவர் ஆயிற்றே.

சித்தி: பந்தயத்தில் அவருக்கு நம்பராவது கொடுத்திருக்கிறார்களா?

அக்கா மகன்: சித்தி, அப்படி ஓர் ஆள் எப்போதுமே இருப்பார். 2021 ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் இரண்டே பேர் வந்தார்கள். ஸ்பிரின்ட், அதாவது கோட்டுக்கு முன்னால் கடைசிப் பாய்ச்சல் என்றால் வான் டெர் பூல்தான் என்று உலகமே சொன்னது. ஆஸ்கிரீன் ஜெயித்துவிட்டுப் போனார்.

சித்தி: உலகம் ஒரு பெயரைச் சொல்லித் தோற்றது. நீ என்ன சொன்னாய்?

அக்கா மகன்: ஆஸ்கிரீனுக்கும் வாய்ப்பு உண்டு என்றேன்.

சித்தி: அன்று ஓட்டிய மற்றவர்களுக்கு?

அக்கா மகன்: அவர்களுக்கும்தான்.

சித்தி: நல்லது. மொத்தம் நூறு யூரோ. எடு.

அக்கா மகன்: எந்த நூறு?

சித்தி: நாற்பது, முப்பத்தைந்து, பத்து, பத்து, ஐந்து. கூட்டிப் பார். காப்பீட்டு ஆபீசில் கணக்கு எழுதுகிறவன்தானே நீ?

அக்கா மகன்: ஐயோ சித்தி, அது யூரோ இல்லை, சதவீதம்! ஜெயிக்கும் வாய்ப்பு!

சித்தி: என் நோட்டில் பெயருக்கு ஒரு கட்டம், பணத்துக்கு ஒரு கட்டம். சதவீதத்துக்குக் கட்டம் கிடையாது.

அக்கா மகன்: முதலில் அதை அடியுங்கள். நாளைக்கு யாராவது பார்த்தால் என் மனைவி காதுக்குப் போய்விடும்.

சித்தி: நோட்டில் நானாக எதையும் அடிப்பதில்லை. நீயே அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடு.

(நூலில் கட்டித் தொங்கும் பென்சிலை இழுத்து, ஐந்து வரியையும் அடித்துக் கையெழுத்துப் போடுகிறான். இவ்வளவு உறுதியாக அவன் ஒரு காரியம் செய்ததை அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை.)

சித்தி: அப்புறம்? 5 யூரோ, ஒரு பெயர்.

அக்கா மகன்: அவசரப்படக் கூடாது. பாட்டர்பெர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டர்கூட இல்லை, ஆனால் சரிவு இருபது சதவீதம் வரை போகும்.

சித்தி: எனக்கே பாட்டர்பெர்க்கா? பந்தயம் தன் வீட்டு வாசல் வழியாகப் போகட்டும் என்று ஒரு விவசாயி கல் பாவி வைத்த ஏற்றம் என்பார்கள். 1986-இல் பந்தயத்திலும் சேர்த்துவிட்டார்கள். அந்த மனிதர் சதவீதமா பார்த்துக்கொண்டிருந்தார்? கல்லை இறக்கினார்.

அக்கா மகன்: சரிவான கல்பாதையில் எடை முக்கியம் சித்தி. போகாச்சார் 66 கிலோ. வான் டெர் பூல் 75. ஏற்றத்தில் எடை குறைந்தவருக்கு லாபம், சமதளக் கல்லில் கனமானவருக்கு லாபம். பாட்டர்பெர்க் உச்சியிலிருந்து முடிவுக் கோடு 13 கிலோமீட்டர், அதில் கடைசிப் பகுதி நேர்ச்சாலை. ஆகவே போகாச்சார் அதற்கு முன்னாலேயே எல்லோரையும் உதறிவிட வேண்டும். 2022-இல் உதற முடியவில்லை. வான் டெர் பூலோடு சேர்ந்து வந்தார், கடைசியில் பின்னாலிருந்து வந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு நாலாவதானார். 2023-இல் கடைசிக் குவாரமோன்ட் ஏற்றத்திலேயே உதறினார், ஜெயித்தார்.

சித்தி: பிரமாதம். அப்போ போகாச்சார் என்று எழுதட்டுமா?

அக்கா மகன்: மழை பெய்தால்?

சித்தி: சரி, வான் டெர் பூல்.

அக்கா மகன்: வெயில் அடித்தால்?

சித்தி: அடிக்கட்டுமே.

அக்கா மகன்: வான் டெர் பூலுக்கு மழைதான் நல்லது. போன வருஷம் கோப்பன்பெர்க் ஏற்றத்தில் பார்த்தீர்களே. கல்லெல்லாம் சேறு. அவர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே ஏறிப் போனார், பின்னால் உலகத்தின் பெரிய பெரிய ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். மூன்று முறை ஜெயித்தாயிற்று: 2020, 22, 24. மூன்று முறை ஜெயித்தவர்கள் மொத்தம் ஏழு பேர், நாலு முறை ஜெயித்தவர் ஒருவரும் இல்லை. அப்பா ஆட்ரி 1986-இல் இதே பந்தயத்தில் ஜெயித்தவர். தாத்தா பூலிடோர், டூர் டி பிரான்சில் முதலிடக்காரர் போடும் மஞ்சள் ஜெர்சியை ஒரு நாள்கூடப் போடாதவர்.

சித்தி: அப்பாவுக்கு எவ்வளவு கூட்டினாய், தாத்தாவுக்கு எவ்வளவு கழித்தாய்?

அக்கா மகன்: (யோசித்து) அப்படிப் பார்க்கவில்லை. பார்க்கலாம்.

சித்தி: பார்க்க வேண்டாம்! நாளைக்கு மழை கிடையாது, எல்லா டிவியிலும் சொல்லியாகிவிட்டது. எழுது.

அக்கா மகன்: 1985-இல் திடீரென்று புயல் வந்ததே? 173 பேர் கிளம்பி 24 பேர்தான் முடித்தார்கள்.

சித்தி: அந்த 24 பேரில் யாராவது கிளம்பும்போது "மழை பெய்தால்" என்று கேட்டிருப்பானா?

(இந்த மாதிரி ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாப் பெயரையும் சொல்லி வைப்பார். மறுநாள் எது நடந்தாலும் "அப்போதே சொன்னேனே" என்பார். இவரிடம் இரண்டு மணி நேரம் மாட்டிய வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.)

அக்கா மகன்: நீங்கள் யாரை எழுதியிருக்கிறீர்கள்?

சித்தி: வான் ஆர்ட். 2018-லிருந்து வருஷா வருஷம்.

அக்கா மகன்: போன வருஷம் அவர் ஓட்டவே இல்லையே. நாலு நாள் முன்னாலேயே விழுந்து காறை எலும்பு முறிந்துவிட்டதே.

சித்தி: அதற்கு முன்னாலேயே எழுதிவிட்டேன். 5 யூரோ போயிற்று. அதனால் என்ன?

அக்கா மகன்: இந்தப் புதன்கிழமைப் பந்தயத்தில்கூட—

சித்தி: புதன்கிழமையைப் பற்றி என் கடையில் பேச்சே கூடாது.

அக்கா மகன்: இல்லை சித்தி, ஒரே அணியில் மூன்று பேர், எதிரே ஒரே ஒரு அமெரிக்கர்—

சித்தி: கூடாது என்றேன்.

அக்கா மகன்: பவுலெஸ் ஒண்டியாக நின்று, ஸ்பிரின்ட்டில் வான் ஆர்ட்டையே—

சித்தி: நீ குடித்த மூன்று பீருக்குப் பணத்தை வை, கிளம்பு.

அக்கா மகன்: சரி சரி, பேசவில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகும் அவர் பெயரையா எழுதினீர்கள்?

சித்தி: 1994-இல் மியூசீவ் பெயரில் நூறு பிராங்க் கட்டினேன். இத்தாலிக்காரர் புக்னோ முடிவுக் கோட்டுக்கு முன்னாலேயே கையைத் தூக்கிவிட்டார், அப்படியும் 7 மில்லிமீட்டரில் ஜெயித்தார். ஏழு மில்லிமீட்டர்! இந்தப் பென்சில் பருமன். இந்த மேஜையில் உட்கார்ந்து அழுதேன். மறு வருஷம் திரும்ப மியூசீவ் என்று எழுதினேன், ஜெயித்தார். நாளைக்கு அந்தப் பையன்கள் 269 கிலோமீட்டர் ஓட்டித் தோற்பதற்குத் தயாராக வருகிறார்கள். உனக்கு உட்கார்ந்த இடத்தில் 5 யூரோ தோற்க மனசு வரவில்லை.

(மௌனம். பக்கத்து மேஜையில் ஒருவர் செருமுகிறார்.)

அக்கா மகன்: பழைய வழியாக இருந்தால் நான் உடனே எழுதியிருப்பேன் சித்தி. கெரார்ட்ஸ்பெர்கன் முர் ஏற்றம் கடைசியில் இருந்த காலத்தில் கணக்கு சுலபம்.

சித்தி: அதில் மட்டும் நீ சொல்வது சரி. 2012-இல் முர்ரைத் தூக்கிவிட்டு, குவாரமோன்ட், பாட்டர்பெர்க், திரும்பக் குவாரமோன்ட், திரும்பப் பாட்டர்பெர்க் என்று செக்குமாடு மாதிரி சுற்ற விட்டார்கள். எதற்கு? கூடாரத்தில் ஷாம்பெயினோடு உட்கார்ந்திருப்பவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே மூன்று முறை பார்க்க. ஜனங்கள் அந்த ஏற்றத்துக்குச் சவ ஊர்வலமே நடத்தினார்கள்.

அக்கா மகன்: அந்தக் கூடாரத்துக்கு ஆபீசில் எனக்கு ஒரு டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள்.

சித்தி: போவாயா?

அக்கா மகன்: மழை பெய்தால் போவேன்.

(ஞாயிறு மாலை. கடை நிரம்பி வழிகிறது. தெருவில் இன்னும் சைக்கிள் மணிச் சத்தம். அக்கா மகன் கையைத் தூக்கிக்கொண்டு நுழைகிறான், புக்னோ மாதிரி.)

அக்கா மகன்: சொன்னேனா இல்லையா? போகாச்சார், பெடர்சன், வான் டெர் பூல், வான் ஆர்ட்! நான் சொன்ன நாலு பேர், முதல் நாலு இடம்! கடைசிக் குவாரமோன்ட்டில் உதறினால்தான் உண்டு என்றேன். அங்கேதான் உதறினார்!

சித்தி: ஆமாம், அழகாகச் சொன்னாய்.

அக்கா மகன்: பணம் யாருக்கு?

சித்தி: போகாச்சார் என்று ஆறு பேர் எழுதியிருந்தார்கள். ஆளுக்கு 25. தபால்காரர் பெயரையே தப்பாக எழுதியிருந்தார், ஆனால் எழுதியிருந்தார்.

அக்கா மகன்: (பீர் அட்டையைத் திருப்பிக் கணக்குப் போடுகிறான்) சித்தி, ஒரு நிமிஷம். அந்த 150 யூரோவோடு என் நூறும் இருந்திருந்தால் 250. போகாச்சார் பெயரில் அவர்கள் ஆறு பேருடையது 30, என்னுடையது 40. ஏழில் நாலு பங்கு எனக்கு. 142 யூரோ 85 சென்ட்!

சித்தி: அப்படியா?

அக்கா மகன்: அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்கள். நிஜமாகவே அடித்துவிட்டோமா?

(சித்தி நோட்டைத் திருப்பிக் காட்டுகிறார். ஐந்து வரி, ஐந்து கோடு, ஐந்து கையெழுத்து. மேலே பீர்க்குவளையின் ஈர வட்டம்.)

அக்கா மகன்: கையெழுத்து என்னுடையதுதான்.

சித்தி: வேறு எதில் நீ கையெழுத்துப் போட்டாய்?

அக்கா மகன்: சரி, போகட்டும். அடுத்த ஞாயிறு பாரிஸ்–ரூபே. போகாச்சார் முதல் முறையாக ஓட்டுகிறார். ஏற்றமே கிடையாது, வெறும் கல். வான் டெர் பூலுக்கு ஐம்பது.

சித்தி: (பென்சிலை எடுத்து) யூரோவா?

அக்கா மகன்: வானிலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.