எஃப்.ஐ.ஆரை எண்ணினால் குற்றத்தை எண்ணியதாகிவிடுமா?

குமரி மாவட்டக் குற்றக் கணக்கை எக்செலில் போட்டு, கோடு மேலே போகிறது, அதனால் குற்றம் பெருகிவிட்டது என்று எழுதுகிற ஆய்வாளர்கள் கொஞ்சம் பொறுக்கணும். அந்தக் கோட்டை வரைந்தது பாதி திருடன், பாதி ஸ்டேஷனில் வழக்கை எழுதிப் பதிகிற ரைட்டர்.

மார்த்தாண்டத்தில் பைக்கில் வந்தவன் ஒரு பெண்ணின் செயினை அறுத்துக்கொண்டு போகிறான் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூன் 30 வரை நடந்திருந்தால் அது இ.பி.கோ., அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டம், 379 அல்லது 392. திருட்டா வழிப்பறியா என்பது கழுத்தில் காயம் பட்டதா, மிரட்டினானா என்று புகாரில் எழுதியதைப் பொறுத்தது. ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 304, பறிப்புக்கென்றே தனிப்பிரிவு. ஜூனில் நடந்ததற்கு ஆகஸ்டில் புகார் வந்தாலும் பழைய பிரிவுதான். இது தெரியாமல் படம் போட்டால், திருட்டு குறைந்து பறிப்பு புதிதாக முளைத்த மாதிரி தெரியும்.

பிரிவு பின்னாலும் மாறும். அடிதடிக் காயம் என்று பதிவான வழக்கில், பத்து நாள் கழித்து ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் ஆள் இறந்தால், பிரிவை மாற்றி கோர்ட்டுக்கு அறிக்கை போகும்; முதல் தாளில் காய வழக்கு அப்படியே கிடக்கும். தாளை மட்டும் எண்ணுகிறவருக்கு ஒரு கொலை குறையும். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் வேறு சிக்கல்: கொள்ளையும் கொலையும் ஒரே வழக்கில் இருந்தால் கொலை மட்டும் ஏறும்.

விளை (தோட்ட நிலம்) எல்லைத் தகராறு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு சமாதானமாகி முடியும். அவை குற்றக் கணக்கில் வராது. 2020-இல் தமிழ்நாட்டு எண்ணிக்கை பல மடங்கு எகிறியதற்கோ ஊரடங்கு மீறல் வழக்குகள் (அரசு உத்தரவை மீறியதற்கான இ.பி.கோ. 188) காரணம்.

எஃப்.ஐ.ஆர். கையில் கிடைத்தால் அந்தப் படிவத்தின் மூன்றாவது கலத்தை விடாதீர்கள். சம்பவம் எப்போது முதல் எப்போது வரை, தகவல் வந்தது எப்போது என்று தனித்தனியே இருக்கும். சனிக்கிழமை வீட்டைப் பூட்டிப் போனவர் திங்கள் காலை திரும்பி வந்து புகார் தருகிறார். புகார் தேதியை எடுத்தால் திங்கள்தான் திருடனுக்குப் பிடித்த நாள் என்று வந்து நிற்கும்! எட்டாவது கலம் தாமதத்துக்குக் காரணம். அதையும் தனி நிரலில் ஏற்றுங்கள்.

குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முன்னால் போகிறவர்களுக்குத் தலைவலி கூடுதல். திருவிதாங்கூர் நிர்வாக அறிக்கைகள் மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுப்படி. 1120 என்றால் 1944 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1945 ஆகஸ்ட் நடு வரை. ஜனவரி–டிசம்பர் கணக்கோடு அப்படியே ஒட்ட முடியாது. குமரியாகிய தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று தாலுகா வாரியாகக் கிடைக்காத எண்களை விட்டுவிடுவதே மேல்.