தள்ளுய்யா அந்த செல்ஃபி ஸ்டிக்கை!

வயித்தெரிச்சல் தாங்கல, கொட்டிடறேன். பிரான்ஸ்ல லு புய்-ஆன்-வெலேன்னு ஒரு ஊரு, மலைச்சரிவுல ரோமனெஸ்க்னு சொல்ற மத்தியகால ஐரோப்பிய பாணியில கட்டின பழைய கதீட்ரல், ஊருக்குள்ள இருந்து 134 படி ஏறணும். முட்டி பிஞ்சு மேல போய் அந்த கருப்பும் வெளுப்புமா வரிவரியா அடுக்கின எரிமலைக் கல்லு முகப்பை ஒரு நிமிஷம் பாக்கலாம்னா படி பூரா காலை நீட்டி உக்காந்து போஸ் குடுக்கறானுங்க. சரி, டூரிஸ்ட் ஊரு, விட்டுட்டேன்.

ஆனா மறுநாள் காலைல 7 மணி பூசை, அதைத்தான் என்னால ஜீரணிக்கவே முடியல. அது சந்தியாகோங்கற புனித யாக்கோபு திருத்தலத்துக்கு யாத்திரையா நடந்து போறவங்களுக்கான பூசைங்க, இங்க இருந்து சுமாரா 1,500 கி.மீ., ஸ்பெயின் வரைக்கும். இந்த ஊர் ஆயர் கோதெஸ்கால்க் 950-951லயே போயிட்டு வந்த யாத்திரை! பூசை முடிஞ்சு ஆசீர்வாதம் வாங்கினதும் கோயில் நடுத்தரையில இருக்கற கம்பிக் கதவைத் திறப்பாங்க, மூட்டையோட அந்த வழியா இறங்கி அப்படியே நடையைக் கட்டணும். தொப்புள் வழியா உள்ள வந்து ரெண்டு காது வழியா வெளிய போற கோயில்னு அந்த ஊர்ல ஒரு சொலவடையே இருக்கு, அந்தத் தொப்புள் இதுதான்.

என் காது வழியா போனது என்னன்னா பின்வரிசைல ஒருத்தர் ஸ்பீக்கர்ல போட்ட வீடியோ கால். ஆயிரம் வருஷத்துக் கோயில்ல, குவிமாடத்துக்கு அடியில, "ஹலோ ஹலோ கேக்குதா"ன்னு அவரு பாஷையில! நல்லா கேக்குது சாமி, மேல மாதாவுக்கே கேக்குது.

கதவு திறந்துச்சு பாருங்க, பேக் மாட்டினவங்க ஒரு அடி எடுத்து வைக்கல, அதுக்குள்ள நடக்கவே போகாத ஏழெட்டு பேரு ஓடி வந்து படி வாயிலயே நின்னு ரீல்ஸ் எடுக்கறாங்க. ஒரு பாட்டி, எழுபது வயசாவது இருக்கும், முதுகுல மூட்டை, கையில தடி, பார்தோன் பார்தோன்னு நாலு தடவை கேட்டுப் பாத்துட்டாங்க. செல்ஃபி ஸ்டிக் வச்சிருந்த ஆளு திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தறான், அவன் ஷாட் முடியலையாம்!

எனக்கு பிரெஞ்சு வராது. "யோவ், தள்ளுய்யா"ன்னு தமிழ்லயே போட்டேன் ஒரு சத்தம். பொசுக்குனு ஒதுங்கிட்டான். பாட்டி என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு தடியை ஊனி இறங்கிப் போயிட்டாங்க.