மீட்புச் சொற்களைப் பற்றியும் எழுதுங்கள்
பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் ஒருசேர வைக்கப்படும் பொதுக் கணக்கேட்டில், ஏறிய பதிவை யாராலும் மாற்ற முடியாது, ஆகவே பணம் பத்திரம் என்கிறது கிரிப்டோ பணம் பற்றிய உங்கள் கட்டுரை. முதல் பாதி சரி, முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மதுரை கீழமாசி வீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம், கிரிப்டோ பணத்துக்கான மின்பணப்பையான வாலட்டைச் சரிபார்க்கிறோம் என்று தொலைபேசியில் பேசிய ஒருவன், கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் அவர் எழுதி வைத்திருந்த, வாலட்டைத் திரும்பப் பெற உதவும் 12 மீட்புச் சொற்களையும் வரிசையாக வாசிக்க வைத்துவிட்டான். அந்தச் சொற்களிலிருந்துதான் ரகசியச் சாவி உருவாகிறது. அது யார் கையில் இருக்கிறதோ அவரையே உரிமையாளராக பிளாக்செயின் ஏற்றுக்கொள்ளும். காசு போய்ச் சேர்ந்த முகவரி இன்றும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, திருப்பி எடுக்கத்தான் வழியில்லை. வங்கிக் கணக்கென்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்து பணத்தை முடக்கவாவது வாய்ப்புண்டு. விதிவிலக்காக, 2016இல் எத்தேரியம் என்ற பிளாக்செயினில் களவுபோனதை மீட்கப் பதிவுச் சங்கிலியையே மாற்றப்போய், அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு மளிகைக் கடைக்காரருக்காக யார் அப்படிச் செய்வார்கள்? இத்தனை கலைச்சொற்களை விளக்கிய கட்டுரையில் மீட்புச் சொற்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.