எக்ஸ்றேயில் தெரியாவிட்டால் கட்டி இல்லையா?

நாய் கழுத்தைத் திருப்பாமல் காலை இழுத்தால் எக்ஸ்றே எடுங்கள், அதில் ஒன்றும் இல்லை என்றால் வெறும் வாதம்தான், பனடோலும் வேப்பெண்ணெயும் போதும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. இது தவறு.

எக்ஸ்றே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். முள்ளெலும்பை அரித்த புற்று அதில் தெரியலாம். முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) உறையிலோ நரம்பு வேரிலோ வளரும் கட்டி பெரும்பாலும் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் வேண்டும். கழுத்து நரம்பில் கட்டி வந்த நாய் மாதக்கணக்கில் ஒரு முன்காலை மட்டும் நொண்டும். முள்ளுக் குத்தியிருக்கும் என்று நாமும் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். தோளைத் தடவிப் பாருங்கள், அந்தப் பக்கம் தசை வற்றியிருக்கும். பாதம் மடங்கி, கிரவல் றோட்டில் நகத்தின் மேற்புறம் தேய்ந்திருந்தாலும் கவனிக்க வேண்டும்.

காலை இழுப்பதெல்லாம் கட்டி இல்லை. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு விலகுவதுதான் அதிகம். ஆனால் ஓரிரு நாளில் தாடை தொங்கி எச்சில் வடிந்தால் விசர்நோயாக இருக்கலாம், வாய்க்குள் கைவிடாதீர்கள்.

பனடோல் அளவு மிஞ்சினால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரோபன் என்ற நோமாத்திரை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து கொடுத்தால் வீக்கம் வற்றி நாய் எழுந்து நடக்கும், சரி. பெரும்பாலான கட்டிகள் அப்படியே இருக்கும். உறையில் வரும் கட்டி சிலவற்றை அறுவைச் சிகிச்சையில் எடுக்கலாம். உங்கள் மிருக வைத்தியரிடம் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள்.