பத்து நிமிடத்தில் கருப்பாக்கும் இலை எதுவும் இல்லை

பாக்கெட்டின் முகப்பில் பச்சை இலைப் படம். அதன் கீழே 'இயற்கை', 'மூலிகை', 'ஹென்னா' என்று பெரிய எழுத்துகள். அதற்கும் கீழே, பத்தே நிமிடத்தில் நரை முழுவதும் கருகருவென்று மாறிவிடும் என்ற உறுதிமொழி. இந்த மூன்றும் ஒரே அட்டையில் இருந்தால் அதை வாங்காதீர்கள். பத்து நிமிடத்தில் நரையைக் கருப்பாக்கும் இலை உலகத்தில் கிடையாது. அவ்வளவு விரைவில் கருப்பு வந்தால் அதைக் கொண்டுவந்தது இலையோடு கலந்திருக்கும் வேறொன்று.

அந்த வேறொன்று பெரும்பாலும் பாரா ஃபினைலீன் டையமின், சுருக்கமாக பிபிடி. சாதாரண ரசாயனச் சாயங்களில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. வாங்குகிறவர் அறிந்தே வாங்குகிறார். அது அவர் விருப்பம், நான் குறுக்கே நிற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் பூசும் கலவையில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2006ஆம் ஆண்டுக்கான ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது. என் கோபம் ரசாயனத்தின் மேல் அல்ல. அதற்கு மருதாணி என்று பெயர் சூட்டி, ரசாயனத்துக்குப் பயந்து ஒதுங்கி வருகிறவர்களிடமே அதை விற்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் தோழி ஒருத்திக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 'கருப்பு மருதாணி' என்று எழுதிய பொடியைத் தலைக்குப் போட்டாள். மறுநாள் இரவு உச்சந்தலையில் அரிப்பு. அதற்கடுத்த காலையில் கண்ணிமைகள் திறக்க முடியாதபடி வீங்கிவிட்டன; காதுமடல்களுக்குப் பின்னால் தோல் சிவந்து நீர் கசிந்தது. தோல் மருத்துவர் தலைக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டபோது, "மருதாணிதான் டாக்டர்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அட்டையில் இருந்ததைத்தான் சொன்னாள். மடிப்புக்குள் பொடி எழுத்தில் இருந்த சேர்மானப் பட்டியலைத் தேடிப் படித்த பிறகுதான் பிபிடி இருப்பது தெரிந்தது. அதே பொடியை அதற்கு முன்பும் அவள் போட்டிருக்கிறாள், எதுவும் ஆகவில்லை. இந்த ஒவ்வாமையின் குணமே அதுதான். உடல் சில தடவை பேசாமல் இருந்துவிட்டு ஒரு நாள் அடையாளம் கண்டுகொள்ளும். கண்டுகொண்டால் பிறகு வாழ்நாள் முழுவதும் மறக்காது.

ஆகவே அட்டையின் பின்புறம்தான் முன்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மருதாணிப் பொடி என்றால் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும்: லாசோனியா இனெர்மிஸ். அவுரிப் பொடி என்றால் இண்டிகோஃபெரா டின்க்டோரியா. நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி போன்றவை சேர்ந்திருந்தால் அவற்றின் தாவரப் பெயர்களும் இருக்கும். சோடியம் பிக்ரமேட், பேரியம் பெராக்சைடு, 'டையமின்' என்று முடிகிற ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் கீழே வைத்துவிடுங்கள். பட்டியலே இல்லாத பாக்கெட்டைக் கையில் எடுக்கவே வேண்டாம். 'அம்மோனியா இல்லாதது' என்ற வாசகத்திலும் ஏமாறாதீர்கள். அம்மோனியா இல்லாவிட்டாலும் பிபிடி இருக்கலாம். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை.

இனி, இலைகளால் உண்மையிலேயே என்ன முடியும் என்பதற்கு வருகிறேன். நிறைய முடியும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

மருதாணி இலையில் லாசோன் என்ற நிறப்பொருள் இருக்கிறது. நீரும் சிறிது புளிப்பும் சேரும்போது அது இலையிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வரும். முடி, தோல், நகம் மூன்றும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. லாசோன் அந்தக் கெரட்டினோடு வேதிப் பிணைப்பு கொள்கிறது. அதனால்தான் எத்தனை முறை குளித்தாலும் அது முடியை விட்டுப் போவதில்லை. ஆனால் அதன் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. எந்த ஊர் இலையானாலும், எந்தப் பாத்திரத்தில் ஊறினாலும், தூய மருதாணி ஒருபோதும் கருப்பைத் தராது. கருமுடியை வெளுக்கவும் அதனால் முடியாது. வெயிலில் நிற்கும்போது ஒரு செம்மை தெரியும், அவ்வளவே. நரைமுடியிலோ அது செம்புக் கம்பி போலப் பளிச்சென்று தெரியும். சிலருக்கு அதுவே பிடித்திருக்கிறது. பிடித்தவர்கள் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கருமை வேண்டும் என்றால் அவுரி வேண்டும். நீலி என்றும் சொல்வார்கள். அவுரி இலையில் இருப்பது இண்டிகன் என்ற நிறமற்ற பொருள். தண்ணீர் பட்டதும் இலையிலேயே இருக்கும் நொதி அதை உடைக்கிறது. உடைந்து வருவது இண்டாக்சில். அது காற்றோடு சேர்ந்தால் நீலமாகிவிடும். ஜீன்ஸ் துணியின் நீலமும் இதே மூலக்கூறுதான். நீலமாக மாறிய பிறகு அது நீரில் கரையாது, முடிக்குள்ளும் நுழையாது. மாறுவதற்கு முன்பே முடிக்குள் போய், அங்கே போய் நீலமாக வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அவுரியைப் பற்றி வரும் பாதிக் குழப்பங்கள் தீர்ந்துவிடும்.

ஒரு கிண்ணத்தில் அவுரியைக் குழைத்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் பாசிப்பச்சை, பச்சைப்புல் வாடை. சில நிமிடங்களில் மேற்பரப்பில் நீலம் கலந்த ஒரு கருமை ஏடாகப் படியும். கரண்டியால் அந்த ஏட்டை விலக்கினால் அடியில் இன்னும் பச்சை. மேலே காற்றுப் பட்ட இடத்தில் சாயம் பிறந்துகொண்டிருக்கிறது. அடியில் இருப்பது தயாராக நிற்கிறது. குழைத்த 10 முதல் 15 நிமிடத்துக்குள் பூசத் தொடங்கிவிட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். மருதாணியைப் போல இரவெல்லாம் ஊறவைத்தால் சாயம் முழுவதும் கிண்ணத்திலேயே பிறந்து, கிண்ணத்திலேயே வீணாகிவிடும். கொதிக்கும் நீரை ஊற்றினால் நொதி அழிந்துவிடும். வெதுவெதுப்பான நீர் போதும். எலுமிச்சை மருதாணிக்கு உதவும், அவுரிக்கு ஆகாது.

நரையின் மேல் அவுரியை மட்டும் போட்டால் நீலமும் பச்சையும் கலந்த ஒரு சாம்பல் நிறம் வரும். இதைப் பார்த்துப் பயந்து இயற்கைச் சாயத்தையே கைவிட்டவர்கள் நிறையப் பேர். முதலில் மருதாணியின் சிவப்பு படிந்திருக்க வேண்டும். அதன் மேல் அவுரியின் நீலம் ஏறும்போதுதான் கருமை வரும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே தடவையில் போட்டால் பழுப்பு கிடைக்கும். மருதாணி கூடினால் செம்பழுப்பு, அவுரி கூடினால் அடர்பழுப்பு. என்னைக் கேட்டால் பெரும்பாலான முகங்களுக்கு அடர்பழுப்பு போதும் என்பேன். மைக்கருப்பின் அடியில் வேரோடு வெள்ளை எட்டிப் பார்ப்பது உறுத்துவதைப் போலப் பழுப்பின் அடியில் உறுத்துவதில்லை.

இரண்டு கட்டமாகப் போடுகிறவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். தோள்வரை முடிக்கு ஒவ்வொன்றிலும் சுமார் 200 கிராம் பொடி வேண்டியிருக்கும். வேருக்கு மட்டும் என்றால் 50 முதல் 100 கிராம். நன்றாகச் சலித்த மருதாணிப் பொடியை வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டுக் குழைத்து, மூடி, சாதாரண அறை வெப்பத்தில் 8 முதல் 12 மணி நேரம் விட்டுவிடுகிறேன். வெப்பம் மிகுந்த நாளில் அதற்கு முன்பே தயாராகிவிடும். தயாரானதா என்று அறிய ஒரு துளி விழுதை உள்ளங்கையில் வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் போதும். ஆரஞ்சுக் கறை இருந்தால் பூசலாம். எண்ணெய்ப் பிசுக்கில்லாத முடியில் சிறு சிறு வகிடாகப் பிரித்து வேரிலிருந்து பூச வேண்டும். நெற்றியோரமும் காதோரமும்தான் சாயத்துக்குக் கடைசிவரை வசப்படாத இடங்கள். அங்கே முதலில் பூசி, கொஞ்சம் தடிப்பாகவும் பூசுங்கள். நெற்றித் தோலில் கறை படியாமல் இருக்க பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொள்ளலாம். அது முடியின் மேல் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏறிய இடத்தில் சாயம் பிடிக்காது. தலையை மூடி 2 முதல் 4 மணி நேரம் விட்டு அலசிவிடலாம்.

பிறகு அவுரி. கண்டிஷனர் எதுவும் போடாமல் முடியை நன்றாக அலசி ஈரம் துவட்டியதும் அதைப் பூசி, 1 முதல் 2 மணி நேரம். சிலர் அதில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்ப்பார்கள். அலசிய அன்று கண்ணாடியில் ஒரு பச்சைச் சாயல் தெரிந்தால் பதற வேண்டாம். ஆக்சிஜனேற்றம் முடிய ஓரிரு நாள் ஆகும். அதற்குள் அது ஆழ்ந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஷாம்புவைத் தொடாதீர்கள். மிஞ்சிய மருதாணி விழுதை உறைபெட்டியில் வைத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்தலாம். மிஞ்சிய அவுரியைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

முழுத் தலையில் இறங்குவதற்கு முன் சீப்பில் வரும் முடியைச் சேர்த்து வையுங்கள். அதில் வெள்ளை இழைகளைத் தனியாகப் பிரித்து நூலால் சிறு கட்டுகளாகக் கட்டி, ஒன்றை மருதாணியில் ஒரு மணி நேரம், இன்னொன்றை மூன்று மணி நேரம், பிறகு அவுரியில் வெவ்வேறு நேரம் என்று வைத்துப் பார்த்துக் காகிதத்தில் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் முடிக்குப் பிடிக்கும் நேரம் இன்னொருவருக்குச் சரிவராது. யாருடைய காணொளியும் உங்கள் முடியைப் பற்றி இந்தக் காகிதம் சொல்லுமளவுக்குச் சொல்லாது. கூடவே முழங்கை மடிப்பில் சிறிது பூசி 48 மணி நேரம் பாருங்கள். இலைதானே என்று இதைத் தவிர்க்க வேண்டாம். தாவரங்களுக்கும் ஒவ்வாமை உண்டு, அரிதாக என்றாலும் உண்டு. பொடியைக் குழைக்கும்போது தூசி மூக்கில் ஏறாமல் இருப்பது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு முக்கியம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் மருதாணியைத் தொடவே கூடாது. சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து இருக்கிறது. குழந்தைகளுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

மருதாணி முடியோடு தங்கிவிடும். அவுரி நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், அடியில் இருக்கும் சிவப்பு எட்டிப் பார்க்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது. அதனால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வேரைத் தொட வேண்டியிருக்கும். அப்போது வேருக்கு மட்டும் மருதாணி போடுங்கள். ஒவ்வொரு முறையும் முழு நீளத்துக்கும் போட்டால் அடுக்கடுக்காக ஏறி நுனி இருண்டு விறைப்பாகிவிடும். பின்னாளில் முடியை வெளுத்து வேறு நிறம் போடும் எண்ணம் இருந்தால் அவுரியின் பக்கம் வராதீர்கள். வெளுப்பான் பட்டால் அது பச்சையாகத் திரும்பும். பிறகு வெட்டுவதைத் தவிர வேறு வழி கிடைப்பது கடினம்.

காபி, தேநீர், பீட்ரூட் பற்றியும் கேட்கிறார்கள். துணியில் கறை படிகிறதே என்பது அவர்கள் வாதம். முடியில் அவை மேலோட்டமாகப் படிந்து இரண்டு குளியலில் போய்விடும். எண்ணெய் தேய்த்தே நரையைக் கருப்பாக்கலாம் என்பதும் நடக்காத காரியம். தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்ற இழை. நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் இருப்பது வேர்க்குழியில். கரிசலாங்கண்ணி எண்ணெய் தலைக்கு இதமாக இருக்கலாம், வெளுத்த இழைக்கு அதனால் நிறம் ஏறாது. ஆனால் இருபதுகளிலேயே திடீரென்று நரை கூடுகிறவர்கள் சாயத்தைத் தேடுவதற்கு முன் பி12, தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பி12 குறைவால் வந்த நரை, குறையைச் சரிசெய்த பிறகு மாறுவதுண்டு.

இவ்வளவு நேரமா, அரை நாள் போய்விடுமே என்று சலித்துக்கொள்கிறவர்களை எனக்குப் புரிகிறது. நேரமில்லை என்றால் ரசாயனச் சாயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், நரையை அப்படியே விட்டுவிடுங்கள், இரண்டும் மரியாதையான முடிவுகளே. அந்த முடிவை எடுக்கத் தேவையான தகவலை மறைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். மருதாணி என்று முன்பக்கத்தில் அச்சிடும் நிறுவனம், அதில் பிபிடி இருந்தால் அந்தப் பெயரையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், வாங்குகிறவர் படிக்கக்கூடிய மொழியில் அச்சிட வேண்டும்.