1945ஐ மொத்தமாகத் தள்ளுபடி செய்யாதீர்கள்

1945 அமெரிக்க பேஸ்பால் சீசன் என்றதும், "போர்க்காலம்தானே, நல்ல ஆட்டக்காரன் எவன் இருந்தான்?" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நட்சத்திரங்களில் டெட் வில்லியம்ஸ் இல்லை, ஜோ டிமாஜியோ இல்லை, ஸ்டான் மியூஸியல் இல்லை, பாப் ஃபெல்லர் ஆகஸ்ட் கடைசி வரை கடற்படையில். எல்லாம் சரி. அதற்காக அந்த வருஷத்து எண்கள் அத்தனைக்கும் ஒரே விகிதத்தில் கழிவு போடுவது சோம்பேறித்தனம். எது உப்பியது, எது நிஜம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். எல்லோரும் திரும்பி வந்த 1946 பக்கத்திலேயே இருக்கிறதே.

முதலில் ஹால் நியூஹவுசர். டெட்ராய்ட் டைகர்ஸின் இடக்கை பிட்ச்சர் (பந்து வீசுபவர்). இதயக் கோளாறு என்று ராணுவம் சேர்த்துக்கொள்ளவில்லை. 1945இல் 25 வெற்றி, 9 தோல்வி, 212 ஸ்ட்ரைக்அவுட் (மட்டைக்காரரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது), ஈ.ஆர்.ஏ. 1.81. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் கணக்கில் இரண்டு ரன்கூட விடவில்லை. வெற்றி, ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. மூன்றிலும், இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் முதலிடம். முந்தைய வருஷம் 29 வெற்றி. இரண்டு வருஷமும் எம்.வி.பி., அதாவது லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, அவருக்கே. அடுத்தடுத்து எம்.வி.பி. வாங்கிய பிட்ச்சர் வேறு யாரும் கிடையாது.

சொத்தை பேட்டர்களை வைத்துச் சம்பாதித்தது என்பார்கள். அப்படியென்றால் வில்லியம்ஸும் டிமாஜியோவும் திரும்பி வந்த 1946இல் அவர் அடிவாங்கியிருக்க வேண்டும். நடந்தது என்ன? 26 வெற்றி, 9 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 1.94. ஸ்ட்ரைக்அவுட் 275. ஒன்பது இன்னிங்ஸுக்குக் கணக்குப் போட்டால் 1945இல் 6.1, 1946இல் 8.5. எதிரணி பலமானதும் கூடுதலாக ஸ்ட்ரைக்அவுட் எடுத்திருக்கிறார்! அவர் தேறியதற்குக் காரணம் போர் அல்ல, கட்டுப்பாடு. 1943இல் அதே போர்க்கால பேட்டர்களுக்கு எதிராக 8 வெற்றி, 17 தோல்வி. 195 சொச்சம் இன்னிங்ஸில் 111 வாக் (நான்கு தவறான பந்து போட்டால் மட்டைக்காரருக்கு இலவசமாக முதல் பேஸ்). 1944இல் 312 இன்னிங்ஸ் வீசியும் 102 வாக்தான். அவர் வீசும் பந்தைப் பிடித்த கேட்சர் பால் ரிச்சர்ட்ஸுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இப்போது இன்னொரு பக்கம். அதே லீகின் பேட்டிங் பட்டம் யாங்கீஸின் ஸ்னஃபி ஸ்டர்ன்வைஸுக்குப் போனது, வெறும் .309 சராசரியில் (ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 309 ஹிட், அதாவது அடித்து பேஸை எட்டுவது). இதைவிடக் குறைந்த சராசரிக்குப் பட்டம் கிடைக்க அதன் பிறகு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த .309 எப்படி வந்தது என்பதும் ஒரு கூத்து. கடைசி நாள் காலையில் முன்னணியில் இருந்தவர் சிகாகோ வொயிட் சாக்ஸின் டோனி குச்சினெல்லோ, வயது 37. அவர் அணியின் ஆட்டம் மழையில் போனது. 402 முறை மட்டை பிடித்து 124 ஹிட், அதோடு நின்றார்: .30846. ஸ்டர்ன்வைஸ் அன்று ஐந்துக்கு மூன்று ஹிட் அடித்து 632க்கு 195 ஆக்கினார்: .30854. அந்த மூன்றில் ஒன்று முதலில் எர்ரர் (ஃபீல்டரின் தவறு) என்று எழுதப்பட்டு, பிறகு ஹிட்டாக மாற்றப்பட்டது. அந்த ஒன்றைக் கழித்துப் பாருங்கள், 632க்கு 194 என்றால் .307. பட்டம் கைமாறியிருக்கும்.

ஸ்டர்ன்வைஸ் 1946இல் .251. ஆக அந்தப் பட்டத்தில் போர்க் கழிவு போடுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் அவருடைய 22 டிரிபிளும் (ஒரே அடியில் மூன்றாம் பேஸ் வரை ஓடுவது) 33 ஸ்டீலும் (பிட்ச்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) ஓடும் கால்களின் கணக்கு. அவற்றில் கை வைக்கும்போது கொஞ்சம் யோசியுங்கள்.

நேஷனல் லீகில் பாஸ்டன் பிரேவ்ஸின் டாமி ஹோம்ஸ் இன்னும் சுவாரஸ்யம்: 28 ஹோம் ரன், சீசன் முழுக்க 9 ஸ்ட்ரைக்அவுட். அடுத்த வருஷம் ஹோம் ரன் 6ஆக இறங்கியது, சராசரி .310இல் நின்றது. பலம் உப்பியிருந்தது, கண் உப்பவில்லை. எம்.வி.பி. மட்டும் .355 அடித்த ஃபில் கவரெட்டாவுக்குப் போனது. அவருடைய அணியான சிகாகோ கப்ஸ் லீகை வென்றதுதான் காரணம்.

"அப்போது பந்தே மட்டமான பந்து" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. அது 1943 கதை. ரப்பர் கிடைக்காமல் பந்தின் நடுக் கார்க்கைச் சுற்றி பலாட்டா என்ற மரப்பிசினை வைத்தார்கள். பந்து எழும்பவே இல்லை. முதல் 29 ஆட்டங்களில் 11இல் ஒரு அணி ரன்னே எடுக்கவில்லை. சில வாரங்களில் பந்தை மாற்றிவிட்டார்கள். 1945இல் அமெரிக்கன் லீக் 430 ஹோம் ரன்தான் அடித்தது. உடனே பந்தைக் குற்றம் சொல்லக் கூடாது, நேஷனல் லீக் அதே வருஷம் 577 அடித்திருக்கிறது.

மைதானத்தையும் பார்க்க வேண்டும். வாஷிங்டன் செனட்டர்ஸ் அந்த சீசனில் அடித்தது மொத்தம் 27 ஹோம் ரன். அதில் சொந்த மைதானமான கிரிஃபித் ஸ்டேடியத்தில் அடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் வேலியைத் தாண்டியதல்ல. ஜோ குஹெல் பந்து திரும்பி வருவதற்குள் நான்கு பேஸையும் ஓடி முடித்தது. அங்கே இடப்பக்க வேலியே 400 அடிக்கு அப்பால். இந்த அணி இரண்டாம் இடத்துக்கு வந்ததென்றால் அது நக்கிள்பால் போட்ட நான்கு பேரால். ராஜர் வுல்ஃப் 20 வெற்றி, டச் லெனர்ட் 17, மிக்கி ஹேஃப்னர் 16, ஜானி நிக்லிங் 7. நக்கிள்பால் சுழலாமல் வரும், காற்றில் எந்தப் பக்கம் ஆடும் என்று வீசியவனுக்கே தெரியாது. அதை நாள் தவறாமல் பிடிக்க வேண்டிய கேட்சர் ரிக் ஃபெரெலுக்கு வயது 39. பாவம்.

செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸின் பீட் கிரேயைச் சொல்லாமல் 1945ஐ யாரும் முடிப்பதில்லை. வலது கை இல்லாதவர். பந்தைப் பிடித்ததும் கையுறையை வலது கையின் மிச்சம் இருக்கும் பக்கத்து அக்குளில் செருகி, பந்தை நெஞ்சின் குறுக்கே உருட்டி எடுத்து வீசுவார். அந்த ஒரு நொடியில் ஓடுபவர்கள் கூடுதலாக ஒரு பேஸ் எடுத்துக்கொண்டார்கள். மட்டையிலும் அதே சிக்கல்: ஒற்றைக் கையில் வீச்சைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது, அதைக் கண்டுபிடித்த பிட்ச்சர்கள் வேகத்தைக் குறைத்தும் வளைத்தும் போட்டார்கள். 77 ஆட்டம், .218. அவரைக் காட்சிப்பொருள் என்று சொல்பவர்கள், 1944இல் கீழ்நிலை லீக் அணியான மெம்ஃபிஸுக்காக .333 அடித்து 68 பேஸ் ஸ்டீல் செய்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லீக் பட்டத்துக்கு வருவோம். செனட்டர்ஸ் உரிமையாளர் ஸ்டேடியத்தை அமெரிக்கக் கால்பந்து அணிக்கு வாடகைக்கு விட்டிருந்ததால், அவர்களுடைய சீசன் ஒரு வாரம் முன்பே முடிந்தது. கடைசி நாளான செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா, 12வது இன்னிங்ஸ், இரண்டு அவுட். மேகம் விலகி வெயில் அடித்தது. எதிரணியின் சென்டர் ஃபீல்டர் அதே இன்னிங்ஸில் கறுப்புக் கண்ணாடியை வரவழைத்து மாட்டியிருந்தார். செனட்டர்ஸின் பிங்கோ பிங்க்ஸ் மாட்டவில்லை. எர்னி கிஷ் தூக்கி அடித்த சாதாரண பந்து அவர் கண்ணுக்கே தெரியாமல் கீழே விழுந்தது. அடுத்து ஜார்ஜ் கெல்லின் ஹிட், ஆட்டம் போச்சு.

ஒரு வாரம் கழித்து செயின்ட் லூயிஸில் டைகர்ஸுக்கு ஒரு வெற்றி போதும். மழை, மங்கல் வெளிச்சம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-3 என்று பின்தங்கல், மூன்று பேஸிலும் ஆள். மட்டையோடு நின்றவர் ஹாங்க் கிரீன்பெர்க்; ராணுவத்திலிருந்து திரும்பி ஜூலை 1ஆம் தேதிதான் முதல் ஆட்டம் ஆடியவர். கிராண்ட் ஸ்லாம், அதாவது நான்கு ரன் தரும் ஹோம் ரன், 6-3. அன்று ஆட்டத்தைத் தொடங்கிய வர்ஜில் டிரக்ஸ் கடற்படையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் அவரிடமிருந்து பந்தை வாங்கியவர் நியூஹவுசர். அந்த வெற்றிதான் அவருடைய 25வது.