சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) ரூபாயாகப் பெருக்கிப் பார்ப்பவர்களே!

கோயில் நன்கொடை, கைமாற்று, கல்யாணச் செலவு என்று எதற்கு வந்தாலும், "உங்க பையனுக்கு என்னம்மா, சிங்கப்பூர் சம்பளம்!" என்றுதான் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவே பேசுகிறது, கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சிங்கப்பூர் வெள்ளியை ரூபாயாகப் பெருக்கத் தெரிந்தவர்களுக்கு, வாடகையையும் அதே போலப் பெருக்க ஏன் தோன்றுவதில்லை? கட்டிலைப் போட்டால் அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும் அறைக்கு அவன் மாதாமாதம் கொட்டிக் கொடுக்கிறான். சொந்தமாக வீடு வாங்கலாமே என்கிறீர்களா? வெளிநாட்டவர் வாங்கினால் 2023 முதல் கூடுதல் முத்திரைத் தீர்வை மட்டுமே 60 சதவீதம். கார் வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும், அதுவும் 10 ஆண்டுகளுக்குத்தான். உண்ணும் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதியாகும் ஊரில் முருங்கைக்காய் மலிவாகவா கிடைக்கும்?

பணக்கார நாடுகளில் மட்டும்தான் இப்படி என்பதும் தவறு. அங்கோலாவின் தலைநகர் லுவாண்டா, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உலகிலேயே செலவு மிகுந்த நகரமாக 2017இல் மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவர்களுக்குப் பழக்கமான பொருள்கள் கப்பலில் வர வேண்டும், பாதுகாப்பான வீடுகளோ சொற்பம். பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் பணம் காய்க்கிறது என்று எப்படித்தான் முடிவு செய்கிறீர்கள்?